மஞ்சள் சும்மாடு

என் கழுத்து நீளம். பள்ளிக்கூடத்தில் கொக்கு என்றார்கள், கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரும் கொக்கு என்றார், ஆர்கெஸ்ட்ராவிலும் அதே பெயர்தான். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் கொக்குக்கும் கழுத்து வலிக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

வயலினைத் தோளில் வைத்து மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். குட்டைக் கழுத்துக்காரர்களுக்குத் தோளுக்கும் மோவாய்க்கும் நடுவில் வயலின் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். எனக்கு அந்த இடைவெளியில் குருவி கூடு கட்டலாம். ஒன்று கழுத்தைக் கோணிக்கொண்டு கீழே இறங்க வேண்டும், இல்லையென்றால் தோளைத் தூக்கிக் காதோடு ஒட்டவைக்க வேண்டும். இந்த அவஸ்தைக்காகத்தான் ஷோல்டர் ரெஸ்ட் என்று ஒன்று விற்கிறார்கள். வயலினுக்கு அடியில் மாட்டிக்கொள்கிற வளைந்த பலகை, அதன்மேல் கொஞ்சம் மெத்தை, இரண்டு பக்கமும் ரப்பர் மாட்டிய கால்கள். அவ்வளவுதான் சமாச்சாரம். இதற்குப் போய் ஒரு மனுஷன் என்னை நாற்காலியைவிட்டே எழுப்பப் பார்த்தார்.

அவர் எங்கள் முதல் வயலின்காரர். வயலின் வரிசையில் யார் எங்கே உட்காருவது, யார் கச்சேரியில் வாசிப்பது, யார் வீட்டுக்குப் போவது எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். பழையவர் ஓய்வு பெற்றுப் போனபிறகு வந்தவர். வந்த அன்றைக்கே எங்கள் முன்னால் நின்று, "நான் வெறுந்தோள்ல வாசிக்கிறவன். என் வரிசையும் அப்படித்தான் வாசிக்கணும்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் அவர் பெயர் வெறுந்தோள்.

அதுவரை நான் வயலினுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சை ரப்பர் பேண்டால் கட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். பார்க்க லட்சணமாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். வெறுந்தோள் அதைச் செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "இது என்னம்மா, சும்மாடா? வயலின் என்ன செங்கல் கூடையா, தலைமேல துணியைச் சுருட்டி வெச்சுத் தூக்கறதுக்கு?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. மரியாதைக்கு நானும் சிரித்துத் தொலைத்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதோடு ஸ்பாஞ்சு போயிற்று. எல்லோருடையதும் போயிற்று. கொஞ்ச நாளில் எங்கள் வரிசை பூராவும் தைல வாசனை அடிக்க ஆரம்பித்தது. என் பக்கத்து நாற்காலிப் பெண் கைக்குழந்தைக்காரி. வீட்டில் குழந்தையைத் தூக்கி இடுப்பு போயிற்று, இங்கே வயலினைத் தூக்கிக் கழுத்து போயிற்று. ஒத்திகைக்கு வந்ததும் பையிலிருந்து முதலில் தைலம்தான் வெளியே வரும், வயலின் அப்புறம்தான். அவளுக்கு நான் தைலம் என்றே பெயர் வைத்துவிட்டேன். "கட்டைவிரல் மரத்துப் போகுதுக்கா, வெளியில சொல்லாதீங்க. சொன்னா எழுப்பி விட்டுடுவாரு" என்பாள். வலிக்கிறது என்று யாராவது வாயைத் திறந்தால் வெறுந்தோள் தன்னுடைய தோளைத் தட்டிக் காட்டுவார். "எனக்கு வலிக்கலையே. பயிற்சி பத்தலை."

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. எவ்வளவு புழுக்கமானாலும் கோட்டைக் கழட்ட மாட்டார். நாங்கள் எல்லாம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு விசிறிக்கொண்டிருப்போம், அவர் மட்டும் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த கோட்டோடு வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பார். இசைக்குக் கொடுக்கிற மரியாதை என்பார். எவ்வளவு ஒழுக்கமான மனுஷன் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

டாக்டர் என் கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படியே வாசிச்சீங்கன்னா கொஞ்ச நாள்ல வில்லைத் தூக்கவே கை வராது. ஒண்ணு தோளுக்கு ஏதாவது வெச்சுக்குங்க, இல்ல வயலினை மூட்டை கட்டுங்க" என்றார். வயலினை மூட்டை கட்டுவதா? பேச்சு வருவதற்கு முன்னாலேயே எனக்கு வயலின் வந்துவிட்டது என்று அம்மா சொல்லுவாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகவே கழுவினேன்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். எங்கள் ஆர்கெஸ்ட்ரா கண்டக்டரை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "டிக்கெட் கொடுக்கறதில்ல, விசில் அடிக்கறதில்ல, குச்சியை ஆட்டிட்டு நிக்கறாரு. அவரு என்ன கண்டக்டரு?" என்பார். பாத்திரச் சத்தத்தைக் கேட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"டெப்போவுல வண்டி எடுக்கறோம்ல, முதல்ல என்ன பண்ணுவோம்? சீட்டை நமக்குத் தகுந்த மாதிரி நகர்த்துவோம். அப்புறம் கண்ணாடி. ராத்திரி ஓட்டினவன் உயரத்துல நான் உட்கார்ந்து ஓட்டினா வண்டி எந்தச் சுவத்துல போய் நிக்கும்? இதுல என்ன வெட்கம்?"

"எனக்கு வெட்கம் இல்லைங்க. கடுப்பு."

"அப்போ கிளம்பு. கடுப்பு ஆறறதுக்குள்ள கடைக்குப் போயிடுவோம்."

அந்த வாத்தியக் கடை இரண்டு செருப்புக்கடைகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டிருக்கும். உள்ளே மர வாசனையும் பாலிஷ் வாசனையும் மூக்கை அடைக்கும். கடைக்காரம்மா ஒரு அட்டைப்பெட்டியை மேசையில் கவிழ்த்தாள். விதவிதமாக விழுந்தன. முதலில் ஒரு இரும்புச் சட்டம், மேலே பேருக்கு ரப்பர். மாட்டி வைத்ததுமே கழுத்தெலும்பில் போய் இடித்தது. இதை மாட்டிக்கொண்டால் தைலம் போதாது, கட்டே போட வேண்டும். அடுத்தது காற்றடைக்கிற தலையணை. வீட்டுக்காரர் வாங்கி ஊது ஊதென்று ஊதினார், முகம் சிவந்துபோயிற்று. அதன்மேல் வயலினை வைத்தால் படகில் ஏற்றின மாதிரி ஆடியது. வில்லை வைக்கும்போது வயலின் ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். வேண்டாம் என்றேன். ஊதினவருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

பிறகு ஒரு மரப்பலகை. நல்ல வேலைப்பாடு, வழுவழுவென்று இருந்தது. இதுதான் என்று மனசு சொன்னது. மாட்டினால் பாழாய்ப்போனது நெஞ்சில் குத்துகிறது. கடைக்காரம்மா பார்த்துச் சிரித்துவிட்டாள், நான் பக்கத்தை மாற்றி மாட்டியிருக்கிறேன். அகலமான பக்கம் தோளுக்கு, ஒடுங்கின பக்கம் நெஞ்சுக்கு. சரியாக மாட்டியபோது சுகமாக இருந்தது, ஆனால் உயரம் போதவில்லை. காலில் இருக்கிற திருகை எவ்வளவு திருகினாலும் என் கழுத்துக்கு எட்டவில்லை. மனசு கேட்காமல் மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்பதற்காக என் தோள் மேலே ஏறிப்போய் அதைத் தாங்குகிறது என்று எனக்கே தெரிந்தது. ரெஸ்ட் எனக்கா, நான் ரெஸ்ட்டுக்கா? கீழே வைத்துவிட்டேன்.

"நீளக் காலோட ஒண்ணு கிடக்கு," என்று கடைக்காரம்மா உள்ளே போனாள். "யாரோ சொல்லி வெச்சாங்க, வாங்க வரவே இல்ல. ஆனா கலர்தான்..."

மஞ்சள். சும்மா மஞ்சள் இல்லை, ரோடு வேலைக்காரர்கள் போடுகிற சட்டை மாதிரி மஞ்சள். உலகத்தில் எங்கேயோ இன்னொரு கொக்கு இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தோஷம். வாங்கி மாட்டினேன். அகலப் பக்கத்துக் காலை நன்றாக உயர்த்தி, நெஞ்சுப் பக்கத்துக் காலைத் தாழ்த்தி, இரண்டையும் திருகித் திருகிப் பார்த்தேன். தோளைத் தளர்த்தி விட்டேன். நேராகப் பார்த்தேன். வயலினே தோளைத் தேடி வந்து உட்கார்ந்தது. இடது கையை மெதுவாக எடுத்துவிட்டேன். அது அப்படியே நின்றது.

வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றார். "தலையைச் சும்மா ஆட்டிப் பாரு. என்னைக் கட்டிக்கிட்டது தப்புன்னு எப்பவாவது நினைச்சிருக்கியா?"

ஆமாம் என்று ஆட்டினேன். வயலின் அசையவில்லை. அவர் மூஞ்சியைப் பார்த்துவிட்டு இல்லை என்றும் ஆட்டினேன். அதற்கும் அசையவில்லை. கடைக்காரம்மா, "மேல கறுப்புத் துணி தெச்சுத் தரட்டுமா? மேடைல பளிச்சுனு தெரியுமே" என்றாள்.

"தெரியட்டும்," என்றேன்.

தெரிந்தது. அடுத்த ஒத்திகையில் வெறுந்தோள் வில்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார். அவர் பார்த்த பார்வையில் மஞ்சளே வெளுத்திருக்கும்.

"மறுபடியும் சும்மாடா?"

"ஆமா சார். இந்தத் தடவை நல்ல சும்மாடு."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. கடைசி ஒத்திகையன்றைக்கு, இரண்டாம் பாதி ஆரம்பத்தில் வருகிற மெல்லிய பகுதியை நான் மட்டும் தனியாக வாசிக்க வேண்டும், வெறுந்தோளில் வாசிக்க வேண்டும், வயலின் நழுவினாலோ சுரம் நடுங்கினாலோ கச்சேரிக்கு என் நாற்காலியில் வேறு ஆள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கண்டக்டர் பக்கம் திரும்பினேன். நல்ல மனுஷர், ஆனால் வயலின் வரிசை விவகாரம் என்றால் அவருக்கு நோட்டுப் பக்கத்தில் ஏதாவது திருத்த இருக்கும். குனிந்துகொண்டார். தைலம் என் முழங்கையைத் தொட்டு, "கழட்டிடுங்கக்கா, எதுக்கு வம்பு" என்றாள். கழட்டிப் பையில் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன்.

கடைசி ஒத்திகை மேடை உடையோடு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மாதிரிக் கறுப்புக் கோட்டு. சலவையிலிருந்து வந்த கோட்டுகளை மேடைக்குப் பின்னால் நடைவழியில் ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து நான் தாமதம். ஊரையே ஏற்றிக்கொண்டு போகிறவரைக் கட்டிக்கொண்டும் எனக்கு பஸ் கிடைக்கவில்லை. ஓடி வந்து கையில் கிடைத்த கோட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் விழுந்தேன். மஞ்சளை மாட்டக்கூடாது என்று உத்தரவு, அது பைக்குள்ளேயே கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வயலினைத் தோளில் வைத்தேன்.

வலிக்கவில்லை.

நழுவவும் இல்லை. மஞ்சள் அளவுக்கு இல்லையென்றாலும் வயலின் திண்ணமாக உட்கார்ந்தது. என்ன அதிசயமோ என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். ஆனால் முன்னால் நடந்ததுதான் பெரிய அதிசயம். வெறுந்தோளின் வயலின் சறுக்கியது. கையால் பிடித்தார். மறுபடி சறுக்கியது. தோள் காதுவரை ஏறியது, கழுத்து கோணியது, பிடரியில் வேர்வை. அவருடைய சுரம் நடுங்கி நான் கேட்டதே இல்லை, அன்றைக்கு நடுங்கியது. "சாருக்கு உடம்பு சரியில்லையோ?" என்று தைலம் காதைக் கடித்தாள்.

இடைவேளையில் நேராகக் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டேன். கோட்டைக் கழட்டி இடது தோளை அமுக்கிப் பார்த்தேன். உள்துணிக்கும் மேல்துணிக்கும் நடுவில் கெட்டியாக, வளைவாக, நல்ல தடிமனுக்கு ஒரு மெத்தை. வலது தோளில் ஒன்றும் இல்லை. தையல் அவ்வளவு நறுவிசு, வெளியிலிருந்து பார்த்தால் சத்தியமாகத் தெரியாது. காலரைத் திருப்பினேன். பெயர்த்துணியில் வெறுந்தோளின் பெயர்.

எனக்கும் அவருக்கும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. நான் அவர் கோட்டை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன், எப்போதும் கடைசியாக மேடையேறுகிற அவர் அவசரத்தில் மிச்சம் தொங்கினதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். புழுக்கத்திலும் கோட்டைக் கழட்டாத மரியாதை என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் ஆத்திரம் வந்துவிட்டது. இந்த மெத்தையைத் தோளில் வைத்துக்கொண்டுதான் எங்களைப் பார்த்துப் பயிற்சி போதவில்லை என்றார். இதை வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளைபெற்றவளின் விரல் மரத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தால் நடைவழியில் நின்றுகொண்டிருந்தார். கையில் என் கோட்டு.

"கோட்டு மாறிப்போச்சு போல," என்றார்.

"மாறித்தான் போச்சு சார்."

கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். என் கை அதன் இடது தோளில் இருந்ததைப் பார்த்துவிட்டார். இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார், குரலைத் தணித்தார்.

"எனக்கும் கழுத்து நீளம்தாம்மா. சின்ன வயசுல என் குரு பிரம்பால அடிச்சு ரெஸ்ட்டைப் பிடுங்கினாரு. அவருக்குத் தெரியாம தெச்சுக்க ஆரம்பிச்சது. விட முடியல." என்னுடையதைக் கொடுத்துவிட்டுத் தன் கோட்டை மாட்டிக்கொண்டார். மாட்டினதும் பழைய மனுஷராகிவிட்டார். "உங்களுக்கும் இதே மாதிரி தெச்சுத் தரச் சொல்றேன். இன்னிக்கு அந்தத் தனி வாசிப்பும் வேணாம். உங்க நாற்காலி உங்களுக்குத்தான். நமக்குள்ளேயே இருக்கட்டும்."

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. கழுத்து பிழைக்கும், நாற்காலி பிழைக்கும், வம்பில்லை, சத்தமில்லை. தலையை ஆட்டினால் போதும். அப்போது நடைவழிக் கோடியிலிருந்து தைல வாசனை வந்தது. அவள் சுவரோரம் திரும்பி நின்று கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கும் தெச்சுத் தருவீங்களா சார்?"

"எல்லாருக்கும் எப்படிம்மா? விஷயம் வெளியில வந்துடும்."

"அப்போ எனக்கும் வேணாம். எனக்கு உள்ளே ஒண்ணும் வேணாம் சார். வெளியிலதான் வேணும்."

"அப்புறம் தனியா வாசிக்க வேண்டி வரும்."

"வாசிக்கறேன்."

அவர் முகம் இறுகிப்போயிற்று. நான் வெளியில் சொல்ல மாட்டேன் என்று நினைத்தாரா, சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தாரா, தெரியாது. விறுவிறுவென்று மேடைக்குப் போய்விட்டார். நானும் போனேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். வெறுந்தோள் எழுந்து நின்று, "ஆரம்பத்தை இவங்க மட்டும் வாசிப்பாங்க" என்று என்னைக் காட்டினார். மண்டபமே என் பக்கம் திரும்பியது. நான் பையைத் திறந்து மஞ்சளை எடுத்தேன். ஒவ்வொரு காலாக வயலினின் விளிம்பில் நிதானமாக மாட்டினேன். ரப்பர் கிறீச் என்றது.

"கழட்டுங்க," என்றார்.

"கழட்டறேன் சார். தாராளமா கழட்டறேன். நீங்களும் கோட்டைக் கழட்டுங்க. ரெண்டு பேரும் வெறுந்தோளோட இதே பகுதியை வாசிப்போம். யாரு வயலின் நழுவுதோ அவங்க எழுந்து வீட்டுக்குப் போயிடலாம்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கோட்டுக்கும் வாசிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெறுந்தோள் அசையவில்லை. கண்டக்டர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அந்த மனுஷர் சூதுவாது தெரியாதவர். "கழட்டுங்களேன் சார், புழுக்கமாத்தானே இருக்கு. எனக்கே வேர்க்குது" என்று தன் கோட்டைக் கழட்டி நாற்காலியில் போட்டார். அதைப் பார்த்து செல்லோக்காரர்கள் கழட்டினார்கள். குழல்காரர்கள் கழட்டினார்கள். எங்கள் வரிசையிலும் ஒவ்வொருவராகக் கழட்டினார்கள். நானும் என் கோட்டைக் கழட்டி மடித்து நாற்காலியின் முதுகில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த மேடையில் கோட்டு போட்டிருந்தவர் ஒரே ஒருத்தர்தான்.

அவர் கை முதல் பொத்தான் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார். நானும் கண்ணைத் தாழ்த்தவில்லை. கை கீழே இறங்கியது.

"நேரமாகுது," என்றார். "வாசிங்க."

"எப்படி வாசிக்கணும் சார்? மாட்டிக்கிட்டா, கழட்டிட்டா?"

"உங்க இஷ்டம்."

"என் இஷ்டமா, எங்க வரிசை இஷ்டமா? காதுல சரியா விழல."

விழுந்தது, நன்றாகவே விழுந்தது. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் காதிலும் விழ வேண்டாமா?

"வரிசை இஷ்டம்," என்றார் இன்னும் கொஞ்சம் சத்தமாக. "யாருக்கு எது தோதோ அதை வெச்சுக்கட்டும்." சொல்லிவிட்டு உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். பாவமாகக்கூட இருந்தது. ஆனால் நான் இறங்கி வருகிற ஜாதி இல்லை.

மஞ்சளைத் தோளில் வைத்து, தோளைத் தளர்த்தி, நேராகப் பார்த்து வாசித்தேன். கழுத்து என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. எங்கேயும் நடுங்கவில்லை. கடைசிச் சுரம் நூல் மாதிரி இழுபட்டு, மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் போய் நின்றது. வில்லை எடுத்தேன். கண்டக்டர் குச்சியைத் தூக்கி எல்லோரையும் சேர்ந்துகொள்ளச் சொன்னார்.

வயலின்கள் எல்லாம் மேலே எழும்பின. அந்தச் சந்தடியில் தைலம் என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, அந்தக் கடையில மஞ்சளைத் தவிர வேற கலர் இருக்கா?"

"தெரியல," என்றேன்.

"பரவாயில்ல," என்றாள். "மஞ்சளே வாங்கிக்கறேன்."